மலை உடுத்திய பட்டு

காலைப் பூசைக்குச் சந்தனம் இழைத்துக்கொண்டிருந்தபோது கைபேசி ஒலித்தது. பூசை முடியும்வரை எடுப்பதில்லை என்பது என் நியமம். அது ஓய்ந்து மீண்டும் ஒலித்ததால் எடுத்தேன். பேசியவர் பிரதாப். ஒடிசாவிலிருந்து வந்து நம் ஊர் பனியன் கம்பெனியில் அயர்ன் மாஸ்டராக இருப்பவர். "சாமி, நம்ம கட்டிங் மாஸ்டர் போயிட்டாருங்க. தூக்கத்துலயேங்க" என்றார். இழைத்த சந்தனம் கல்லிலேயே காய்ந்தது.

பங்குனிதோறும் நம்மோடு மலையேறியவர்களுக்கு அந்தோணிமுத்து மாஸ்டரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிழைக்க வந்து, துணி வெட்டும் மேசையருகே ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்தவர். ஞாயிறுதோறும் தேவாலயத்துக்குத் தவறாமல் செல்பவர். அப்படிப்பட்டவர் வேலவன் மலைக்கு வருகிறேன் என்று சொன்னபோது எனக்கு வியப்பாக இருந்தது. "உங்க வழிபாடு வேறயாச்சுங்களே மாஸ்டர்" என்றேன். "மலைக்கு யாரு அண்ணாச்சி ஞானஸ்நானம் குடுத்தா? உச்சியில இருக்கது உங்களுக்கு. நடக்க வழி பூரா எனக்கு. இதுல சண்டைக்கு என்ன இருக்கு?" என்று சிரித்தார். அந்தப் பங்கீட்டை அவர் கடைசிவரை மாற்றவில்லை. உச்சியில் நாங்கள் பதிகம் பாடும்போது சற்றுத் தள்ளி ஒரு பாறையில் அமர்ந்து, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டிருப்பார்.

அந்த வழி எளிதானதன்று. மழை மறைவுப் பகுதியிலுள்ள மலை அது. அடிவாரத்தில் உடைமுள், அதற்குமேல் இலை உதிர்த்து நிற்கும் கிளுவை, அதற்கும் மேல் காய்ந்த புல்லும் வெந்த பாறையும். போக ஒரு நாள், வர ஒரு நாள். நம் பழைய இலக்கணம் பாலை என்று வகுத்த நிலம் எதுவென்று ஏட்டில் படித்திருந்தேன். அதை உள்ளங்காலால் படித்தது அங்கேதான். மாஸ்டரோ, "எங்க ஊரு தேரி மணல்ல நடந்துட்டு இங்க வந்தா, இது ரோடு அண்ணாச்சி" என்பார்.

வழி தவறாமலிருக்க, கம்பெனியில் வெட்டி மிஞ்சும் பனியன் துணியை நாடாக்களாக்கி மரந்தோறும் கட்டிச் செல்வது நம் குழுவின் வழக்கம். முன்னால் செல்பவர் கட்டுவார். மாஸ்டர் எப்போதும் எல்லோருக்கும் பின்னால் வருவார். இறங்கும்போதும் அவரே கடைசி. ஒவ்வொரு நாடாவாக அவிழ்த்துப் பையில் போட்டுக்கொண்டே வருவார். "கட்டினது நாம. அவுக்கதும் நாமதான். மானு தின்னுட்டுச் செத்தா அந்தப் பாவம் எந்தச் சாமிக்கு?" என்பது அவர் வாக்கு.

சில ஆண்டுகளுக்கு முன் நடந்ததை இங்கே எழுதியாக வேண்டும். அவ்வாண்டு நாடாப் பையைக் கொண்டுவந்தவர் நம் வேன் ஏற்பாட்டாளர் பழனிச்சாமி. உச்சிக்குக் கீழே ஒரு பாறை நிழலில் அமர்ந்தோம். பழனிச்சாமியும் பிரதாப்பும் நாடா கட்டிக்கொண்டே புல்சரிவில் இறங்கிச் சுனைக்குச் சென்றார்கள். நீர் மெல்லத்தான் ஊறியது. நிரம்பிய கேனோடு பழனிச்சாமி முதலில் திரும்பினார். மற்ற இரண்டையும் நிரப்பிக்கொண்டு, நாடாவைப் பார்த்து வந்துவிடும்படி பிரதாப்பிடம் சொல்லியிருந்தார். நெடுநேரமாகியும் பிரதாப் வரவில்லை. கூப்பிட்டோம். எங்கள் குரலே நாலாபக்கப் பாறைகளிலிருந்தும் திரும்பி வந்தது.

மாஸ்டர் சரிவின் விளிம்பில் நின்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். நாடா ஒன்றுகூடத் தெரியவில்லை. பையைத் திறந்து பார்த்தபோதுதான் விளங்கியது.

"ஏன் வே, என்ன கலர் இது?"

"இந்த சீசன் ஆர்டர் பூரா சாண்ட் கலருங்க மாஸ்டர். மீதி அதுதானுங்க இருந்துச்சு. கீழ மரத்துல கட்டறப்ப நல்லாத்தானுங்க தெரிஞ்சுது."

"காஞ்ச புல்லுல காஞ்ச புல்லைக் கட்டிட்டு வந்திருக்கீரு. ஆடு வந்தாத்தான் வே கண்டுபிடிக்கும்."

துணைக்கு வந்த வனக்காவலர், பொழுது சாய்ந்தால் அந்தச் சுனைக்கு யானை வரும் என்றார். "தேடறேன்னு ஆளுக்கொரு பக்கம் எறங்குனா, ஆளுக்கொரு பக்கம் தொலைவோமுங்க" என்றும் எச்சரித்தார். பிரதாப் இரண்டு குழந்தைகளின் தகப்பன். மேற்கே வெயில் இறங்கிக்கொண்டிருந்தது.

கண்ணுக்குத் தெரியும் நிறத்தில் துணி வேண்டும். எங்கள் காவி வேட்டிகள் புழுதியேறிப் பாறையின் நிறத்துக்கு வந்துவிட்டன. மிச்சமிருந்தது ஒன்றுதான். மலையுச்சியில் நட்டிருக்கும் வேலுக்கு ஆண்டுதோறும் கோடிப்பட்டு சாத்துவதும், வரிசையில் முன்னால் நடப்பதும் எங்கள் நெசவுக் குடும்பத்தின் உரிமை. சேயோனுக்கு உகந்த செம்பட்டு. அது நான் தலையில் சுமந்துவந்த பெட்டியில் இருந்தது. மாஸ்டர் பெட்டியைப் பார்த்தார். உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அதக் கேக்க எனக்கு நாக்கு வராது அண்ணாச்சி."

"நீங்க கேக்க வேண்டாமுங்க" என்று சொல்லி, பட்டை எடுத்துப் பாறைமேல் விரித்தேன். "வெட்டுங்க மாஸ்டர்."

அவர் அப்போது செய்ததை நான் எத்தனையோ பேரிடம் பெருமையோடு சொல்லியிருக்கிறேன். கால்களில் இருந்த கேன்வாஸ் ஷூவைக் கழற்றினார். தமக்குக் குடிக்க வைத்திருந்த கடைசி மிடறு நீரைக் கையில் ஊற்றிக் கழுவினார். இடுப்பிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தார். பட்டை அடுக்காக மடித்து, ஏதோ கப்பலேறப் போகும் சரக்கை வெட்டுவதுபோல், ஓரம் பிசிறாமல் நேர்கோட்டில் வெட்டினார். எவ்வளவு அவசரமாக இருந்தும் அவர் அதைக் கிழிக்கவில்லை. எந்த ஆகமத்தையும் பயிலாத ஒருவரிடம் அத்தகைய ஆசாரத்தை நான் கண்டது அன்றுதான்.

பிறகு வெறுங்காலோடு முன்னால் இறங்கினார். அவர் முன்னால் நடந்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். வளைவுக்கு வளைவு, ஆள் உயரப் பாறை முனைகளில், செம்பட்டு இறங்கிக்கொண்டே போனது. புல்லெல்லாம் வெளுத்துக் கிடந்த அந்தச் சரிவில், ஒரு மலைக்கு அப்பாலிருந்தும் அது தெரிந்திருக்கும். தெரியவும் செய்தது. வேறொரு பள்ளத்தில் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்த பிரதாப் மேலே அந்தச் சிவப்பைக் கண்டு, அதை நோக்கி ஏறி வந்தார். பாதி வழியில் இருவரும் சந்தித்தார்கள். "லால், லால்" என்று சிவப்பைக் காட்டிக்கொண்டே வந்தவரின் தோளில் இரண்டு கேன்களும் அப்படியே இருந்தன. "தண்ணிய விடல பாத்தியா, கம்பெனிக்காரன் டா" என்று மாஸ்டர் அவர் முதுகில் தட்டினார்.

மறுநாள் விடியலில் உச்சிக்குச் சென்று, பட்டில்லாமல் பூ மட்டும் சாத்தி வணங்கினோம். திரும்பும் வழியில் மாஸ்டர் அந்தச் சரிவில் மீண்டும் இறங்கினார். "விட்டுட்டு வாங்க மாஸ்டர், வெயில் ஏறுதுங்க" என்றார் பழனிச்சாமி. மாஸ்டர் கேட்கவில்லை. செம்பட்டு நாடா ஒவ்வொன்றையும் அவிழ்த்தார். புல்லோடு புல்லாகக் கிடந்த பனியன் நாடாக்களையும் தடவித் தடவித் தேடி எடுத்தார்.

அடுத்த பங்குனிக்கு முன் ஒரு நாள் வீட்டுக்கு வந்து ஒரு பொதியை என்னிடம் கொடுத்தார். அந்தப் பட்டு. நாடாக்களை எல்லாம் இணைத்துத் தாமே தைத்திருந்தார். தையல் இருந்த இடத்தை விரல்தான் அறிந்தது. "தையலு துணியக் கொஞ்சம் தின்னுட்டு அண்ணாச்சி. நீளம் கொறஞ்சுட்டு. ஆனா வேலுக்கு இடுப்பு சின்னதுதானே, பத்தும்" என்றார். என் முகத்தைப் பார்த்து, "ஆவாதுன்னா ஊட்டுல வச்சுக்கிடுங்க" என்று நம் ஊர்ச் சொல்லைக் கலந்து சொன்னார்.

மலைமேல் நம்மவர் சிலர் தயங்கியது உண்மை. "தச்ச துணியச் சாமிக்குச் சாத்தலாமுங்களா சாமி? கோடிதானுங்களே சாஸ்திரம்?" என்று கேட்டார்கள். சாஸ்திரம் நான் அறிவேன். புதிதாக, ஊசி படாததாக இருக்க வேண்டும் என்பதே விதி. நான் சொன்ன விடை இதுதான்: "இதை நாம் கோடியாகத்தான் கொண்டுவந்தோம். போன வருசமே அவன் உடுத்திக்கொண்டான். மலை முழுதும் உடுத்தி நின்றதை நீங்களும்தானே பார்த்தீர்கள்? இது அவனுடைய சொந்தத் துணி. நாம் திருப்பிக் கொடுக்கிறோம்." வேலில் பட்டு ஏறியது. மாஸ்டர் தம் பாறையில், தொப்பியை மடியில் வைத்தபடி, காற்றில் அது அசைவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு ஒவ்வோர் ஆண்டும் கோடிப்பட்டோடு அந்தத் தைத்த பட்டும் ஏறிவருகிறது.

கல்லறைத் தோட்டத்தில் அவருக்கு மண் இட்டபோது, என் திருநீற்று நெற்றியை யாரும் விநோதமாகப் பார்க்கவில்லை. அவர் மனைவி என்னைக் கண்டு, "இந்த வருசம் கடைசில யாரு அண்ணாச்சி வருவா?" என்று கேட்டார். அருகில் நின்ற பிரதாப், "நான் வர்றேனுங்க" என்றார்.

பாலையைப் பிரிவுக்குரிய நிலம் என்றார்கள் முன்னோர். என் முதுமையில் எனக்கு ஒரு தோழரைத் தந்தது அந்த நிலம்தான். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்ளப்போவது, வரிசையில் அவர் நடந்த கடைசி இடம்; பிரதாப் கேட்டும் அதை விட்டுக்கொடுக்கப் போவதில்லை. முன்னால் நடக்கும் உரிமை எங்கள் குடும்பத்துக்கு உண்டு. அதை இந்தப் பங்குனியில் பிரதாப்பின் கையில் நாடாப் பையோடு சேர்த்துக் கொடுக்கிறேன். கடைசியில் நான் வருவேன், கட்டியவற்றை அவிழ்த்துக்கொண்டு.