சாமை விதைப்பாடு

போன செமஸ்டரில் செமினாருக்காக வகுப்பின் முன்னால் நின்றேன். இரண்டாவது ஸ்லைடிலேயே பேச்சு நின்றுவிட்டது. "பரவாயில்லை, உட்காரும்மா" என்றார் மேடம். மலைக்காரிக்குப் பேச்சு வராது என்று பின்னால் யாரோ சொன்னது காதில் விழுந்தது. அன்றைக்கு வந்த கோபம் ஆறவே இல்லை. இந்த முறை முழுசாகப் பேசிவிட்டுத்தான் உட்காருவது என்று வைராக்கியம் வைத்துக்கொண்டேன்.

தலைப்பை நானே கேட்டு வாங்கினேன். கொல்லிமலையில் சாமை விளைந்த காடுகள் மரவள்ளிக்கு மாறியது ஏன்? ஜோடியாகச் சேர்ந்தவள் மலைக்குக் கீழே, புளியஞ்சோலைப் பக்கத்து விவசாயி வீட்டுப் பெண். வாய் நீளம், மனசு வெள்ளை. நூலகத்தில் கிடைத்ததையெல்லாம் அவள் படித்தாள். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் மலையில் பைல் நாட்டு ஊர்களில் வீடு வீடாகப் போனேன். காபி குடிக்க வைக்காமல் ஒருவரும் பதில் சொல்லவில்லை.

சாமையை அறுத்து, அடித்து, குத்தி எடுப்பதற்குள் இடுப்பு ஒடிகிறது என்றார்கள். மரவள்ளி என்றால் லாரி ரோட்டுக்கே வந்து ஏற்றிக்கொண்டு போகிறது. கேட்டதையெல்லாம் சோளக்காடு பஸ் நிறுத்தத்தில், சிக்னல் கிடைக்கிற பலாப்பழக் கடை ஓரம் நின்று அவளுக்கு அனுப்புவேன். அவள் லேப்டாப்பில் ஸ்லைடாக்குவாள். நில அளவு அட்டவணையை மட்டும் நானே போனில் செய்து கடைசியாக அனுப்பினேன்.

செமினார் அன்று காலை, வகுப்புக்கு வெளியே அவள் அதைத் திறந்து பார்த்தாள்.

"ஏண்டி, இதென்ன வள்ளம்? ஏக்கர் எங்கே?"

"நிலத்தை அப்படித்தானே சொல்லுவாங்க?"

"தானியம் அளக்குறதுடி அது! நிலத்தை எவ அதுல அளப்பா?"

எங்கள் பக்கம் நிலம் எவ்வளவு என்று கேட்டால், அதில் விதைக்க எவ்வளவு விதை பிடிக்கும் என்றுதான் சொல்வார்கள். அதற்குப் பெயர் விதைப்பாடு. ஏக்கர் எனக்குத் தெரியாததல்ல, பரீட்சையில் எழுதியிருக்கிறேன். ஆனால் பிறந்ததிலிருந்து கேட்ட பேச்சாயிற்றே, அப்படியே எழுதும்போது உறைக்கவே இல்லை. ஏக்கராக மாற்றவும் வழியில்லை. சரிவுக்கும் மண்ணுக்கும் தகுந்தபடி விதை கூடும், குறையும். அட்டவணையையே எடுத்துவிட்டால் பாதிப் பேச்சு போய்விடும். அதற்குள் மேடம் எங்களைக் கூப்பிட்டுவிட்டார்.

அந்த அட்டவணை திரையில் வந்ததும் பின் பெஞ்சில் சிரிப்பு. விதைப்பாடு என்றால் என்னவென்று தட்டுத்தடுமாறிச் சொன்னேன்.

"சரி, மரவள்ளிக் காட்டையும் வள்ளத்துலதான் போட்டிருக்கே. அதுக்கு ஏதும்மா விதை? குச்சியைத்தானே நடுறாங்க?" என்று மடக்கினார் மேடம்.

மறுபடியும் பேச்சு நிற்கப் பார்த்தது. அப்போது பைல் நாட்டில் ஒருவர் சொன்னது நினைவுக்கு வந்தது. அவர் சாமையை விட்டு ரொம்ப காலமாகிறது, காடு முழுக்க மரவள்ளிதான். எவ்வளவு நிலங்க என்று கேட்டதற்கு, "மூணு வள்ளம் சாமை வெதைப்பாடு கண்ணு" என்றிருந்தார். நானும் யோசிக்காமல் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன்!

"சாமை விதைதாங்க மேடம்" என்றேன். "சாமையை விட்டவங்களும் காட்டைச் சாமையிலதாங்க அளக்கறாங்க."

சிரிப்பு நின்றது.

"அப்ப, அதை மறக்கலைங்கறியா?"

"மறக்கலீங்க. குத்துறதுக்குப் பக்கத்துல மெஷின் இருந்தா மறுபடியும் வெதைப்பேன்னு நெறையப் பேரு சொன்னாங்க."

அப்புறம் எனக்கு வகுப்பே தெரியவில்லை. காபி கொடுத்த வீடுகள்தான் கண்ணில் நின்றன. மெஷினை எந்த ஊரில் வைத்தால் யாருக்கு வசதி, எந்தச் சரிவில் சாமையை மறுபடி போடலாம் என்றெல்லாம் கொட்டித் தீர்த்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன் கல்லூரியில் பேசியதே இல்லை. ஸ்லைடு மாற்ற வேண்டியவள் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் அந்த அட்டவணையே நின்றது. மணி அடித்ததுகூட எனக்குக் கேட்கவில்லை.

"மீதியை நாளைக்குச் சொல்லலாம்" என்றார் மேடம், சிரித்துக்கொண்டே. "இப்ப உட்காரும்மா."