கோட்டைவாசல் ஏறிய சைக்கிள்

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் தென்காசியில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்தேன். கல்யாணமாகி எட்டு மாதம் ஆகியிருந்தது. கடைக்கு வழக்கமாக வரும் கல்லூரி ஆசிரியர் ஒருவர் ஒருநாள் துண்டு எடுக்க வந்தபோது என் முன்னால் ஒரு தாளை வைத்தார். இலஞ்சிப் பக்கம் ஒரு வாடகை வீட்டில், போக்கிடம் இல்லாத பையன்களை வைத்து அவரும் சில நண்பர்களும் பராமரித்துவந்தார்கள். குடித்துவிட்டு அடிக்கும் அப்பாவுக்குப் பயந்து ஓடிவந்தவர்கள், பஸ் ஸ்டாண்டில் படுத்துக் கிடந்தவர்கள். பெண் பிள்ளைகளும் வந்தார்கள். அவர்களுக்குத் தனி வீடு இல்லாததால் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. அவர்களுக்கும் ஒரு வீடு எடுக்கப் பணம் திரட்டத்தான் ஒரு சைக்கிள் பயணம் ஏற்பாடு செய்திருந்தார்கள். தென்காசியில் கிளம்பி, செங்கோட்டை, புளியரை தாண்டி, மலையேறி, கேரள எல்லையில் இருக்கும் கோட்டைவாசல் வரை போக வேண்டும். ஓட்டுகிறவர் தனக்குத் தெரிந்தவர்களிடம் கிலோமீட்டருக்கு இத்தனை பைசா என்று முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். ஸ்பான்சர் என்ற சொல்லை அன்றுதான் முதன்முதலில் கேட்டேன்.

ஒரு வேடிக்கைக்காகத்தான் ஒத்துக்கொண்டேன். கடைத்தெருவில் எல்லோரும் எழுதிக் கொடுத்தார்கள். என் முதலாளி அண்ணாச்சி கிலோமீட்டருக்குக் கால் ரூபாய் போட்டார். நான் புளியரையைத் தாண்ட மாட்டேன் என்ற தைரியத்தில்தான் போட்டார் என்று மற்றவர்கள் சிரித்தார்கள்.

பயணத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது ஐந்தருவிக்குக் குளிக்கப் போனேன். சீசன் சமயம், நல்ல தண்ணீர். பாசியில் கால் வழுக்கி, கணுக்கால் பிசகி, பூசணிக்காய் போல வீங்கிவிட்டது. வைத்தியர் கட்டுப் போட்டு, இரண்டு வாரம் காலை ஊன்றக் கூடாது என்றார்.

வீட்டில் உட்கார்ந்து, அந்தத் தாளை ஆசிரியரிடம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டியதுதான் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த என் மனைவி நிமிராமலே, "நான் ஓட்டுதேன்" என்றாள்.

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். "உனக்கு எங்க சைக்கிள் தெரியும்?"

"தெரியும். ஹோம்ல படிச்சேன்."

எந்த ஹோம் என்று கேட்டேன். அரிவாள்மணையைச் சாய்த்து வைத்துவிட்டுச் சொன்னாள். அவளுக்கு ஊர் திருவேங்கடம் பக்கம். ஆறு வயதில் அப்பா இறந்துபோக, தீப்பெட்டி ஆபீஸ் கூலியில் பிள்ளைக்குச் சோறு போட முடியாமல் அவள் அம்மா அவளைப் பாளையங்கோட்டையில் ஆதரவற்ற பிள்ளைகள் விடுதி ஒன்றில் விட்டார். பன்னிரண்டு வயது வரை அங்கேதான் வளர்ந்தாள். மார்க்கெட்டில் காய்கறி வாங்கி வர அங்கே ஒரு சைக்கிள் இருந்தது. பெரிய பிள்ளைகள் முறை வைத்துக்கொண்டு ஓட்டுவார்கள். பிறகு தாய்மாமா வந்து கூட்டிப்போனார். பெண் பார்க்க வந்த எங்களிடம், மாமா வீட்டில் வளர்ந்த பெண் என்று மட்டும் சொன்னார்கள்.

எனக்குக் கோபம்தான் வந்தது. எட்டு மாதமாக ஏன் மறைத்தாய் என்று கேட்டேன். மாமா சத்தியம் வாங்கிக்கொண்டார் என்றாள். என் அம்மாவுக்குத் தெரிந்தால் என்ன ஆகும், கடையில் தெரிந்தால் என்ன பேசுவார்கள் என்றுதான் என் புத்தி ஓடியது. ஆறு வயதுப் பிள்ளை அங்கே எப்படி இருந்திருக்கும் என்று அன்று எனக்குத் தோன்றவே இல்லை. இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவள் கெஞ்சவும் இல்லை, அழவும் இல்லை. மூன்றாம் நாள் காலையில் காப்பியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "அந்தப் பிள்ளையள திருப்பி அனுப்பிட்டாங்கன்னா, அதுக வேற எங்க போகும்னு எனக்குத் தெரியும்" என்றாள். அதற்குமேல் நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. பக்கத்துத் தெரு நர்ஸம்மாவிடம் லேடீஸ் சைக்கிளை இரவல் வாங்கினோம்.

பயணத்தன்று இருபதுக்கும் மேற்பட்ட ஆண்கள், அவள் ஒருத்தி. சேலையைத் தூக்கிச் செருகி, தலைப்பை இடுப்பில் இறுக்கிக் கட்டியிருந்தாள். தண்ணீர்க் குடமும் பஞ்சர் ஒட்டுகிறவரும் வந்த வேனில் என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். செங்கோட்டை தாண்டியதும் கணவாய்க் காற்று எதிரே வந்து அடித்தது. சாரலும் சேர்ந்துகொண்டது. ஆண்களே குனிந்து குனிந்து மிதித்தார்கள். அவள் எல்லோருக்கும் பின்னால், ஒரே சீராக வந்துகொண்டிருந்தாள். புளியரை தாண்டி ஏற்றம் தொடங்கியதும் பாதிப் பேர் இறங்கித் தள்ளினார்கள். வளைவு ஒன்றில் அவளும் இறங்கிவிட்டாள். முகமெல்லாம் சிவந்து, மூச்சு வாங்கியது. வேனை நிறுத்தச் சொல்லி, போதும், ஏறிக்கொள் என்றேன்.

அவள் சைக்கிளை விடவில்லை. "வண்டிய முன்னால போகச் சொல்லுங்க. நீங்க பின்னாலயே வந்தா எனக்கு ஓட்ட வராது."

டிரைவர் என்னைப் பார்த்தார். போங்கள் என்றேன். கோட்டைவாசலில் ஒரு டீக்கடை பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்து, சாலை திரும்பும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். எதிரே கேரள லாரிகள் இறங்கிப் போகும்போதெல்லாம் வளைவை எட்டி எட்டிப் பார்த்தேன். எல்லோரும் வந்து டீயும் குடித்து முடித்துவிட்டார்கள். அதற்கப்புறம்தான் அவள் வந்தாள். நனைந்த சேலையோடு, சீட்டில் உட்கார்ந்து மிதித்துக்கொண்டே வந்தாள். கைதட்டினார்கள். நேரே ஆசிரியரிடம் போய், நடுவில் இரண்டு வளைவு நடந்தேன், தாளில் அதைக் கழித்துவிடுங்கள் என்றாள். தள்ளினாலும் கணக்குதான் என்றார் அவர். நொண்டிக்கொண்டே போய் அவள் கையில் டீயைக் கொடுத்தேன். நொண்டியதில் பாதி வழியிலேயே சிந்தியிருந்தது. அவள் சிரித்தாள். கல்யாணமான பிறகு அப்படிச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

கால் சரியாகிக் கடைக்குப் போன அன்று, ஜவுளி எடுக்க வந்தவர்கள் முன்னாலேயே அண்ணாச்சி கேட்டார், "ஏலே, உன் வீட்டுக்காரி எங்கனல சைக்கிள் படிச்சா?"

மாமா வீட்டில் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது.

"ஹோம்ல அண்ணாச்சி. அவ அங்கன வளந்தவ" என்றேன்.

அண்ணாச்சி கல்லாப்பெட்டியைத் திறந்து, தாளில் எழுதிக் கொடுத்த கணக்குக்குப் பணத்தை எடுத்து வைத்தார். பிறகு, அந்தப் புது வீட்டுக்கு எத்தனை பிள்ளைகள் வரும் என்று விசாரித்தார். முதலில் ஐந்தாறு பேர் இருக்கலாம் என்றேன். "ஆளுக்கு ரெண்டு பாவாடை சட்டைக்குத் துணி கிழிச்சு வையி. ஓரத்துல கெடக்கதக் கிழிச்சிராத, நல்லதாப் பாத்துக் கிழி" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார்.

செய்தி வடகரையில் இருந்த என் அம்மா காதுக்கு நாலே நாளில் போய்விட்டது. காலை பஸ்ஸில் வந்து இறங்கினாள். சண்டைக்குத்தான் வந்திருக்கிறாள் என்று நான் கடைக்குக் கிளம்பாமல் வாசலிலேயே நின்றேன். அம்மா என்னைக் கண்டுகொள்ளாமல் நேரே அடுப்படிக்குப் போய் என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்தாள். நம்மிடம் சொல்லாமல் விட்டது தப்புதான் என்று முதலில் சொன்னாள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு அம்மா குரலைத் தணித்துக் கேட்டாள்.

"ஏட்டி, அங்கன சோறு வயிறு நெறையப் போட்டாங்களா?"

"போட்டாங்க அத்தை. ஞாயித்துக்கிழமை முட்டை உண்டு."

"முழு முட்டையா, பாதியா?"

"முழுசு."

அம்மா அதை யோசித்துப் பார்த்துத் தலையாட்டினாள். நான் செருப்பைப் போட்டுக்கொண்டு கடைக்குக் கிளம்பினேன்.

பெண் பிள்ளைகளுக்கான வீடு அடுத்த தையில் திறந்தது. அதுவும் வாடகை வீடுதான், ஆனால் சுற்றுச்சுவரும் உள்ளேயே கிணறும் இருந்தன. பொங்கல் வியாபாரத்தில் எனக்கு லீவு கிடைக்கவில்லை. அம்மாவும் அவளும் துணி மூட்டையோடு போய்வந்தார்கள். ஐந்து பிள்ளைகள் வந்திருந்ததாகவும், அதில் சின்னது அம்மாவின் மடியிலேயே தூங்கிப்போனதாகவும் என் மனைவி சொன்னாள். அம்மா அன்று வடகரைக்குத் திரும்பவில்லை. மறுநாள் முறுக்குக்கு மாவு இடித்தாள். ஐந்து பேருக்கு எவ்வளவு வேண்டும் என்று இருவரும் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.