தம்பி தலையில் வந்த சீர்

2023 ஓகஸ்ட் 27, ஞாயிற்றுக்கிழமை. வழக்கம்போல எழுந்து அடுப்பு மூட்டினேன். குடிக்க வெந்நீர் வைத்தேன், கோழிகளைத் திறந்துவிட்டேன், வாசலைக் கூட்டினேன். பள்ளிக்கூட நாளாக இருந்தால் அடுத்து சேலையை இஸ்திரி போடுவேன். அன்று வயதுக்கு வந்த என் மகளின் சடங்கு. அதனால் கூட்டிய வாசலை இன்னொரு தரம் கூட்டிவிட்டுக் கோலம் போட்டேன். மழை தூறிக் கோலம் கலைந்தது. மறுபடி போட்டேன்.

எங்கள் வீடு கந்தப்பளையில், தோட்டத் தொழிலாளர் லயத்துக்கு மேலே இருக்கிறது. ரோட்டிலிருந்து ஏறி வரக் கற்படிகள்தான் வழி. மழை நாளில் பாசி வழுக்கும். எங்கள் வழக்கத்தில் தாய்மாமன் சீர்த்தட்டைத் தன் தலையில் சுமந்து, தப்பு முழங்க, ரோட்டிலிருந்து வீடுவரை நடந்து வரவேண்டும். என் மகளுக்குத் தாய்மாமன் என் ஒரே தம்பி. கொட்டகலை பஜாரில் தையல் கடை வைத்திருக்கிறான். சிறுவயதில் வந்த போலியோவில் இடது கால் சூம்பிவிட்டது, ஊன்றுகோலோடுதான் நடப்பான்.

நான் எதையும் முன்கூட்டி ஏற்பாடு செய்கிறவள். அவன் விஷயத்தில் இன்னும் அதிகம். அவன் எங்கள் வீட்டில் தங்கினால், காலையில் அவன் விழிக்குமுன் ஊன்றுகோலை எடுத்துக் கட்டிலோரம் சாய்த்துவைப்பதுதான் என் முதல் வேலை. சின்னப் பிள்ளையிலிருந்து வந்த பழக்கம். "நான் வச்ச எடத்துல இருக்கட்டும்க்கா, வீட்டுக்குள்ள சொவரு இருக்குல்ல" என்பான். நான் கேட்டதில்லை. எனக்கு இரண்டு காலும் நன்றாக இருப்பதற்கு ஏதோ ஒரு வேலை செய்து ஈடுகட்டவேண்டும் போலத் தோன்றும்.

இந்த முறையும் ஓர் ஏற்பாடு செய்திருந்தேன். சீரைத் தூக்கிவரப் பெரியம்மா மகனான அண்ணனைக் கேட்டுக்கொண்டேன். அவரும் மாமன் முறைதானே. தம்பியிடம் மட்டும் சொல்லவில்லை.

தம்பியும் அவன் மனைவியும் ரோட்டில் ஆட்டோவை விட்டு இறங்கியபோது, புது வேட்டி கட்டிய அண்ணன் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு தயாராக நின்றார். தம்பி அவரை மேலும் கீழும் பார்த்தான்.

"என்னண்ணே, மாப்பிள்ள மாதிரி நிக்கிறீங்க? யாருக்குச் சடங்கு, ஒங்களுக்கா?"

தப்படிக்க வந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அண்ணன் என்னைப் பார்த்தார். தம்பியும் என்னைப் பார்த்தான். அவன் சிரிப்பு நின்றது.

"அக்கா, எனக்கு வலிக்கும்னு நெனச்சியா? இல்ல, நாலு பேரு பாப்பாங்கன்னு நெனச்சியா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "ரெண்டும்தான்" என்றேன்.

"வலிக்கத்தான் செய்யும். பாக்கட்டும்னுதான் வந்திருக்கேன்."

துண்டைச் சும்மாடாகச் சுருட்டித் தலையில் வைத்துக் குனிந்தான். அவன் மனைவி, பட்டுச் சேலையும் பழங்களும் அடுக்கிய பித்தளைத் தாம்பாளத்தை அதன்மேல் வைத்தாள். ஒரு கை தட்டில், ஒரு கை ஊன்றுகோலில்.

"பயப்படாதீங்க மதினி" என்று என் காதருகே சொன்னாள். "சேதி கேட்டதிலருந்து கட மூடுனதும் இதே வேலதான். தட்டுல இஸ்திரிப் பெட்டிய வச்சுத் தலையில தூக்கிக்கிட்டு, ஸ்டேஷன் படியில ஏறி எறங்குனாரு. பாத்தவங்கெல்லாம் இவருக்கு என்னமோ ஆயிருச்சுன்னாங்க."

அண்ணன் தன் குடையை விரித்தார். "அப்ப நான் கொட புடிக்கிறேன்டா."

"புடிங்கண்ணே. மாமன்னா சும்மாவா!"

தப்பு முதலில் வழக்கமான வேகத்தில் முழங்கியது. பத்துப் படி ஏறுவதற்குள் அது முன்னே போய்விட்டது. "மாமனுக்குத் தோதா அடிங்கப்பா!" என்று கீழிருந்து யாரோ கத்தினார்கள். அடி தாழ்ந்தது. ஊன்றுகோல் கல்லில் படும், தப்பு அடிக்கும், கால் ஏறும். அப்படித்தான் ஊர்வலம் ஏறியது. படி திரும்பும் இடத்தில் கோல் பாசியில் சறுக்கியது. தட்டு சாய்ந்தது. என் கை தானாக நீண்டது.

"தொடாத."

கையை இழுத்துக்கொண்டேன். அவன் கண்ணை மூடி மூச்சு வாங்கினான். கோலைத் தூக்கி, கல்லின் பாசியில்லாத ஓரத்தைத் தட்டிப் பார்த்து ஊன்றினான். தப்புக்காரர்களும் காத்திருந்தார்கள். லயத்து வாசல்களில் நின்ற பெண்களில் ஒருத்தி, "யாருங்க டீச்சர் அது?" என்றாள்.

"எந்தம்பி" என்றேன். வகுப்பில் பேசும் குரலில், எல்லா வாசலுக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்.

ஆரத்தி எடுத்தபோது அவன் சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. தட்டிலிருந்து ஒரு பழம்கூட விழவில்லை. மகளுக்கு மாலை போட்டு, கையைப் பிடித்து மணையில் உட்காரவைத்தான்.

"லேட்டு மாமா" என்றாள் அவள்.

"ஒங்கம்மா ரோட்டுல இன்டர்வியூ வச்சுப்புட்டா. பாஸாகி வர நேரமாகாதா?"

அன்று அவர்கள் எங்கள் வீட்டிலேயே தங்கினார்கள். படுக்கப் போகுமுன் சேறு படிந்த ஊன்றுகோலை அவனே கழுவி, வாசல் நிலையில் சாய்த்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனான். வந்தவர்கள் எல்லாரிடமும் நான் அவனைப் பற்றியே பேசிக்கொண்டிருந்ததாக என் மகள் கேலி செய்தாள். உண்மைதான்.

மறுநாள் காலை எழுந்ததும் நேரே வாசலுக்குப் போனேன். ஊன்றுகோல் அவன் வைத்த இடத்தில் இருந்தது. எடுக்கக் கை வைத்தேன். பிறகு அதை அங்கேயே விட்டுவிட்டு, தேத்தண்ணீருக்குக் கேத்தலை அடுப்பில் வைத்தேன்.