பரோட்டா கடையில் கேட்ட முட்டை ஓடு

போன வருஷம் கோடையில், பழங்காநத்தத்தில் நாங்கள் குடியிருக்கும் மாடி வீட்டில் நடந்தது இது.

நாங்களும் சைவம், கீழே இருக்கும் வீட்டுக்காரர்களும் சைவம். வீடு தரும்போதே வீட்டுக்கார அம்மா, "முட்டை வாசம் வந்தாக்கூட அன்னைக்கே காலி பண்ணிரணும் பெரியம்மா" என்று கறாராகச் சொல்லிவிட்டார். பேத்தியின் பள்ளிக்கூடம் பக்கத்திலேயே இருப்பதால் இந்த வீட்டை விட எங்களுக்கு மனசில்லை.

ஆனால் அடுப்படியில் பல்லித் தொல்லை தாங்க முடியவில்லை. ஒருநாள் சாம்பாரிலேயே ஒன்று விழுந்துவிட்டது. அத்தனையையும் கொட்டினோம். மருமகள் அடுப்படிப் பக்கமே வர மாட்டேன் என்றுவிட்டாள். மருந்து அடிக்கலாமென்றால் சின்னப் பிள்ளை இருக்கிற வீடு. முட்டை ஓடுகளை அங்கங்கே வைத்தால் பல்லி ஓடிப்போகும் என்று கீரைக்காரம்மாதான் சொன்னார்.

சைவ வீட்டில் முட்டை ஓட்டுக்கு எங்கே போவது? தெருமுனையில் ஒரு பரோட்டா கடை இருக்கிறது. எனக்கோ கடையில் நின்று வாய் திறந்து எதையும் கேட்கவே கூச்சம். அன்று சாயங்காலம் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு போய் நின்றேன்.

"என்ன ஆத்தா வேணும்?" என்றார் பரோட்டா மாஸ்டர்.

"முட்டை..." என்றேன்.

"முட்டைப் பரோட்டாவா, கலக்கியா, வழியலா?"

"உள்ள இருக்கது வேணாம்ப்பா. ஓடு மட்டும் போதும்."

கடையே சிரித்தது. "அண்ணே, ஆத்தாவுக்கு வெறும் ஓட்டுல ஒரு பார்சல்!" என்று உள்ளே பார்த்துக் கத்தினார் மாஸ்டர். சிரித்தவர்களில் ஒருவர் மட்டும் பாதியில் நிறுத்திவிட்டார். பார்த்தால், வீட்டுக்கார அம்மாவின் கணவர்! முன்னால் இலையில் பாதி வெந்த முட்டைக் கலக்கி தளதளவென்று இருந்தது. இருவரும் ஒரே நேரத்தில் தலையைக் குனிந்துகொண்டோம்.

மறுநாள் தண்ணீர்த் தொட்டி பார்க்க மேலே வந்த வீட்டுக்கார அம்மா, அடுப்படி ஜன்னலில் இருந்த ஓடுகளைப் பார்த்துவிட்டார்.

"முட்டையா! என் வீட்டுலயா! எங்க வாங்குனீக?"

கடையைச் சொன்னால் அங்கே யார் யார் இருந்தார்கள் என்ற பேச்சும் வரும். வீடு போனாலும் போகட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

சத்தம் கேட்டு வீட்டுக்காரர் ஓடி வந்தார். "ஏய், கத்தாத. அது பல்லிக்கு நாட்டு மருந்து. நான்தான் வைக்கச் சொன்னேன்."

"நெசமாவா? பல்லி போயிருமா?"

"அம்புட்டும் போயிரும். வாரம் ஒருக்கா புதுசா மாத்தணும்."

"அப்ப நமக்கும் வாங்கிட்டு வாங்க. தெருமுனைப் பரோட்டா கடையில கெடைக்கும்ல?"

"சீச்சீ, அங்கெல்லாம் நான் எப்படிப் போறது?" என்று அவர் முகத்தைச் சுளித்தாரே பார்க்கணும்!

"போய்த்தான் ஆகணும்" என்று முடித்துவிட்டார் அந்த அம்மா.

வாரம் தவறாமல் போகிறார். நாலு ஓடு வாங்கி வர அரை மணி நேரம் ஆகிறது.

எங்கள் பல்லிகள் எங்கும் போகவில்லை. ஒன்று அந்த ஓட்டுக்குள்ளிருந்தே தலையை நீட்டிப் பார்க்கிறது. மாடியும் கீழுமாக மனுஷர்கள் சேர்ந்து குடியிருக்க, பார்த்ததில் பாதியைப் பார்க்காத மாதிரி இருந்துவிடுவதும் ஒரு பிரியம்தான் என்று, படியில் அவரைப் பார்க்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.