நிரோஷா டீச்சர் தொடாத கஞ்சி

நிரோஷா டீச்சரைப் பற்றி நல்லதாகச் சொல்ல வெள்ளவத்தையில் ஆட்களுக்குக் குறைவில்லை. என்னிடம் மட்டும் கேட்காதீர்கள், எனக்கு அவளைக் கண்டாலே ஆகாது. கொட்டாஞ்சேனையில் பிறந்தவள். கொள்ளுப்பிட்டியில் ஏதோ ஒரு கம்பனியில் வேலை பார்த்து, அதை விட்டுவிட்டு, எங்கள் ஃபிளட்டின் மூன்றாம் மாடியில் தனியே இருந்து இங்கிலீஷ் டியூஷன் கொடுக்கிறாள். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. அதற்காக என் பிள்ளையை எடுத்துக்கொள்வதா?

என் மகள் நிம்றா முன்பெல்லாம் பாடசாலை விட்டு வந்தால் குசினியில் சமைக்கும் என் பின்னாலேயே நின்று கதைப்பாள். இப்போது வாயைத் திறந்தால் டீச்சர், டீச்சர். நோன்பு மாதத்தில் ஒருநாள் ‘கம்பேஷன்’ என்ற சொல்லைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

“இரக்கம்தானே?” என்றேன். நானும் ஓ லெவல் படித்தவள்தான்.

“அது பத்தாது உம்மா. லத்தீன்ல ‘கம்’ எண்டா கூட. ‘பேஷன்’ எண்டு இப்ப ஆசைக்குச் சொன்னாலும், அந்தக் காலத்துல வேதனைப்படுறதுக்குத்தான் சொன்னாங்களாம். கூட இருந்து வேதனைப்படணும். சல்லியப் போட்டுட்டுப் போறதுக்கெல்லாம் அந்தச் சொல்லைப் பாவிக்கக் கூடாதாம். உங்களுக்கு இது விளங்காது.”

விளங்காதாம்! பெற்று வளர்த்தவளுக்கு விளங்காதாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அதற்காகக் கஞ்சி கொடுக்காமல் இருக்க முடியுமா? நோன்பு வந்தால் எங்கள் வீட்டிலிருந்து ஃபிளட்டில் எல்லாருக்கும் கஞ்சி போகும். அவள் இறைச்சி சாப்பிடாதவள். அவளுக்கென்று தனிச் சட்டியில் இஞ்சியும் தேங்காய்ப்பாலும் சேர்த்துக் காய்ச்சி, சூடாகக் குடிக்கட்டும் என்று பின்னேரம் அஸர் தொழுத கையோடு நிம்றாவிடம் கொடுத்துவிடுவேன். பொறாமை வேறு, கஞ்சி வேறு.

அன்று நோன்பு திறக்கும் நேரம் நெருங்கியும் வகுப்புக்குப் போன நிம்றா இறங்கி வரவில்லை. லிஃப்ட் பழுது. மூச்சு வாங்க ஏறிப் போனேன். கதவு திறந்திருந்தது. மேசையில் என் கஞ்சி, மூடியைக்கூட எடுக்காமல் அப்படியே ஆறிக்கிடந்தது.

“ஏன் டீச்சர், எங்கட வீட்டுக் கஞ்சி உங்கட வாய்க்கு ஆகாதா? கொட்டவா வெச்சிரிக்கிறீங்க?”

“உம்மா!” நிம்றா எழுந்து நின்றாள். “டீச்சரும் எங்களோட நோன்பு. முதல் நாள்ல இருந்து. பாங்கு சொன்ன பிறகுதான் குடிப்பாங்க.”

டீச்சரின் உதடு காய்ந்திருந்தது. “பிள்ளையள் பசியோட முன்னால இருக்கேக்க எனக்குத் தண்ணியும் இறங்குதில்லை அக்கா. உங்களுக்குச் சொல்ல வெக்கமா இருந்தது.”

அப்போதும் எனக்கு இரக்கம் வரவில்லை, பொறாமைதான் வந்தது. சின்ன வயதிலிருந்து நோன்பு பிடிக்கிறேன், என் மகள் என்னை ஒருநாளாவது இப்படிப் பெருமையாகச் சொன்னதுண்டா?

பாங்கு சொன்னது. நிம்றா ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்து நீட்டினாள். என்னிடமல்ல, டீச்சரிடம். உம்மா நான் பக்கத்தில் நிற்கிறேன்!

அவள் வாங்கினாள், வாயில் வைக்கவில்லை. “முதல்ல நீங்க, அக்கா” என்று என்னிடம் நீட்டினாள். நான் வீம்புக்குக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அவளும் நின்றாள். பகல் முழுக்கப் பட்டினி கிடந்தவள், நான் தின்னும்வரை தின்னமாட்டாளாம். நிம்றா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பழத்தைப் பிடுங்கி, பாதியை என் வாயில் போட்டு, மற்றப் பாதியை அவள் வாயில் நானே திணித்தேன். “தின்னுங்க டீச்சர், மயங்கி விழப் போறீங்க.”

மகள் சிரித்தாள். என்னைப் பார்த்தா, அவளைப் பார்த்தா என்பதுதான் எனக்கு இன்னும் தீரவில்லை.