வளைவில் சுற்றிய சைக்கிள்

ஜவ்வாது மலையில் நான் போன அந்தப் பாதையில் ஒரேயொரு வளைவில்தான் போனுக்கு சிக்னல் கிடைக்கும். அங்கே காலை வெயிலில் ஒருவர் சைக்கிளில் வட்டமடித்துக்கொண்டிருந்தார். மடித்துக் கட்டிய வேட்டி, சவரம் செய்யாத நரைத்த முகம். டைனமோவிலிருந்து வந்த ஒயர், ஹேண்டில்பாரில் கட்டியிருந்த பட்டன் போனில் செருகியிருந்தது.

பைக்கை நிறுத்தி, "இன்னாங்க பண்றீங்க?" என்றேன்.

மிதிப்பதை விடாமலே சொன்னார்: "பேட்டரி செத்துப்போச்சுங்க. சக்கரம் சுத்துனாத்தான் போனு உசுரோட இருக்கும். வெளியூருக்கு வேலைக்குப் போயி தகவலே இல்லாத புள்ளைக்கு இந்த நம்பர் ஒண்ணுதான் தெரியும். ஒருநாள் தண்ணி குடிக்க எறங்கிட்டேன். திரும்ப மிதிச்சா, யாரோ கூப்ட்டதா மெசேஜ் வருது. அந்த நம்பருக்குப் போட்டேன், யாரும் எடுக்கல. அவன்தாங்க அது."

பெரிய உதவி செய்கிற நினைப்பில் அவரை நிறுத்தச் சொல்லி, ஒயரை எடுத்துவிட்டு என் பவர்பேங்கை அந்தப் போனில் செருகினேன். திரை ஒளிர்ந்தது. "இனிமே உக்காருங்க" என்றேன்.

சாலையோரக் கல்லில் உட்கார்ந்தார். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. பவர்பேங்கைப் பிடுங்கி என் கையில் திணித்தார்.

"வேணாங்க. உக்காந்தா அன்னிக்கி மாதிரியே இருக்குது."

ஒயரைச் செருகிவிட்டு மறுபடி சைக்கிளில் ஏறிவிட்டார்.

அதற்குப் பிறகு, தெரியாத நம்பர் எதையும் என்னால் எடுக்காமல் விட முடிவதில்லை.