பூட்டு அக்காவும் ஐந்து வோல்ட்டும்

எங்கள் பட்டறையில் அவளைப் பூட்டு அக்கா என்றுதான் கூப்பிடுவோம். டீயைக்கூட மோந்து பார்த்துவிட்டுக் குடிக்கிற ஆள். உதிரிபாக அலமாரியின் சாவி எப்போதும் அவள் கழுத்தில் கிடக்கும். ஒரு டயோடு வேண்டுமென்றாலும் அவள் கையால்தான் வாங்க வேண்டும். அலையை வரைந்து காட்டும் ஸ்கோப்பையும் அதற்குள்ளேயே வைத்துப் பூட்டியிருந்தாள். நாங்கள் கெடுத்துவிடுவோமாம்!

குளிர்பதனக் கிடங்குகளுக்கான கட்டுப்பாட்டு அட்டைகளைச் செய்கிறோம். அதிலுள்ள ஆப்-ஆம்ப் என்ற சிப்பின் வெளியீடு பிளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் மாறி மாறித் தாவும். சப்ளை இரு பக்கமும் பன்னிரண்டு வோல்ட். சும்மா விட்டால் பத்தரை வரை போய் முட்டும். அடுத்த சிப் அதைத் தாங்காது. அதனால் வோல்ட்டை ஓர் அளவுக்கு மேல் ஏறவிடாத இரண்டு ஸீனர் டயோடுகளை எதிரெதிராக வைத்து, இரு பக்கமும் ஐந்தை ஒட்டி நிறுத்திவிடுவோம்.

அந்த மாதம் அனுப்பிய அட்டைகள் கருகிக் கருகித் திரும்பி வந்தன. பாகங்களை அட்டையில் பற்றவைக்கும் சால்டரிங் வேலை செய்பவன் அவளுடைய கொழுந்தன். அவன் மனைவி நிறைமாதம். அவன்மேல் அக்காவுக்கு முதல் நாளிலிருந்தே சந்தேகக் கண்.

"நான் மீட்டர்ல பாத்தப்போ எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு சார். அப்புறமா இவன்தான் ஏதோ கைவைக்கிறான்" என்று முதலாளியிடம் போட்டுக் கொடுத்தாள். நாளையிலிருந்து வர வேண்டாம் என்று அவனுக்கு உத்தரவாகிவிட்டது.

அவன் முகம் செத்துப்போனது. பார்க்கவே பாவமாக இருந்தது.

"அண்ணி, ஒரே ஒரு தடவை ஸ்கோப்புல போட்டுப் பாருங்க. அப்புறம் நான் போறேன்."

அப்புறம் அவன் கை படாத அட்டை சரியாகவே இருக்கும் என்று காட்ட, தானே சோதித்து அலமாரியில் பூட்டிவைத்திருந்த அட்டையை எடுத்தாள். மீட்டரில் பூஜ்யம். "பாத்தியா, சரியா இருக்கு" என்றாள். ஸ்கோப்பில் போட்டால், அலை மேலே பத்தரை, கீழே பத்தரை! வேகமாக மாறுகிற பிளஸ்ஸையும் மைனஸையும் சேர்த்துப் பார்த்தால் அந்த மீட்டருக்கு மிஞ்சுவது பூஜ்யம்தான். ஐந்தானாலும் பத்தானாலும் அதையேதான் காட்டும்.

அவன் லென்ஸை வைத்து டயோடைப் பார்த்தான். "இது அஞ்சு வோல்ட் டயோடு இல்ல அண்ணி, பன்னெண்டு."

பத்தரையில் நின்றுவிடும் அலையைப் பன்னிரண்டு வோல்ட் டயோடு எங்கே பிடிக்கப்போகிறது?

"பன்னெண்டை யாருடா எடுத்து வச்சது?"

"நீங்க குடுத்ததைத்தானே வச்சேன். அலமாரியை வேற யாரு தொறக்கிறாங்க?"

அவள் போய் ஐந்து என்று எழுதியிருந்த பெட்டியைக் கவிழ்த்தாள். அத்தனையும் பன்னிரண்டு. வேறு யார்மேலாவது பழியைப் போடுவாள் என்று காத்திருந்தோம். அவள் முதலாளி அறைக்கு மாடியேறினாள். நாங்களும் பின்னாலேயே போனோம்.

"தம்பிமேல தப்பில்ல சார்."

"அப்போ யாரு?" என்றார் முதலாளி.

அக்கா கழுத்திலிருந்த சாவியைக் கழற்றி அவர் மேசைமேல் வைத்தாள்.